கொஞ்சு மொழிக்கு ஒரு வக்காலத்து

கைக்குழந்தையிடம் கொஞ்சிப் பேசக் கூடாது என்று ஒரு புதிய சாஸ்திரம் நம் வீடுகளுக்குள் நுழைந்திருக்கிறது. இதை இயற்றிய ரிஷி யாரோ, படித்த வீடுகளில் எல்லாம் அவருக்குச் சீடர்கள் இருக்கிறார்கள். 'சோச்சி' என்று சொல்லாதே, 'சோறு' என்று சொல். அதையும் சொல்லாதே, 'ரைஸ்' என்று சொல். 'பாச்சி' வேண்டாம், 'மில்க்' போதும். கிழவிகளின் குளறலைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு நாக்குத் தடித்துப் போகும். பின்னால் பள்ளிக்கூடத்தில் கஷ்டப்படும். சாஸ்திரத்தின் சாரம் இவ்வளவுதான்.

நான் இதற்கு எதிர்க்கட்சி. எதிர்க்கட்சிக்காரன் முதலில் ஆளுங்கட்சி சொல்வதை ஒழுங்காகக் கேட்க வேண்டும். அவர்கள் சொல்வது இது: குழந்தை கேட்பதைத்தான் திருப்பிச் சொல்லும், கோணல் பேச்சைக் கேட்டால் கோணலாகவும், நேரான பேச்சைக் கேட்டால் நேராகவும் பேசும். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால், 'சோச்சி' என்று கேட்டு வளர்ந்த கோடானுகோடி ஜனங்களில் யாராவது முப்பது வயதில் ஹோட்டலுக்குப் போய், "இரண்டு சோச்சி கொண்டு வா" என்று கேட்டதுண்டா? அந்தச் சொற்கள் தாமாக வருகின்றன, வேலை முடிந்ததும் தாமாகப் போய்விடுகின்றன. மாடு பிடிக்கிறவன் வைக்கோலைக் காட்டி அழைப்பதுபோல, பாஷை தன் வாசலுக்குக் குழந்தையை அழைக்க வைத்திருக்கும் வைக்கோல் அது.

சென்ற வருஷம் பேச்சிப்பாறையில் சில நாள் தங்கியிருந்தேன். பலருக்கு அந்த ஊர் ஓர் அணையாகத்தான் தெரியும். கோதையாற்றை மறித்துத் திருவிதாங்கூர் அரசு 1897-இல் வேலை தொடங்கி 1906-இல் முடித்த அணை. கட்டிய என்ஜினீயர் மிஞ்சின் துரையின் கல்லறையும் அங்கேதான் இருக்கிறது. சுற்றிலும் ரப்பர்த் தோட்டங்கள். மலைமேல் காணி மக்களின் குடியிருப்புகள். அவர்களில் நீர்த்தேக்கத்தைப் படகில் கடந்து வீடு போகிறவர்கள் இன்றும் உண்டு. ஊருக்குப் பெயர் கொடுத்த பேச்சியோ, பிள்ளை பெற்றவளையும் பெற்ற பிள்ளையையும் காக்கிறவள் என்று தென்னாட்டு ஜனங்கள் கும்பிடும் தெய்வம். பேச்சிக்கும் பேச்சுக்கும் இலக்கண சம்பந்தம் கற்பிக்க நான் வரவில்லை. ஆனால் பிள்ளையின் பேச்சைப் பற்றி யோசிக்க அதைவிடப் பொருத்தமான ஊர் எனக்கு வாய்க்கவில்லை.

நான் தங்கிய இடத்துக்கு அடுத்த வீட்டுத் திண்ணையில் ஒரு பாட்டி, ஐந்தாறு மாதக் குழந்தையை நீட்டிய காலில் கிடத்திக்கொண்டு பேசிக்கொண்டிருப்பாள். பிள்ளையின் தாய் பொழுது விடியுமுன்பே பால்வெட்டுக்குப் போய்விடுவாள்.

"என்ன மக்களே, முழிச்சாச்சா?" என்பாள் பாட்டி. ஒரே குழந்தைதான், ஆனாலும் அந்தப் பக்கத்துப் பெரியவர்களுக்கு அது 'மக்களே'தான். பிறகு பேசாமல் இருப்பாள். குழந்தை ஏதோ ஒரு சப்தம் செய்யும். "ஆ, பசிக்குவா? பசியில்லியா? பின்ன எதுக்காக்கும் முகத்த இப்பிடி வச்சிருக்கு?" மறுபடியும் மௌனம். குழந்தை காலை உதைக்கும். "அம்மையத் தேடுதியா? அம்மை பாலு வெட்டப் போயிருக்கா. இப்பம் வந்திருவா. வந்து பிள்ளைக்கு என்ன தருவா? பாச்சி தருவா."

எதிர்வீட்டில் ஒரு படித்த பெண். அவளுக்கும் கைக்குழந்தை, துணைக்கு அவள் தாயார் வந்திருந்தார். அந்தத் தாயாரும் இதே மாதிரி ஆரம்பித்தால், உள்ளேயிருந்து குரல் வரும்: "அம்மா, பிள்ளைகிட்ட இப்பிடிப் பேசாதேண்ணு எத்தனை தடவை சொல்லியாச்சு? இங்கிலீஷ்ல நாலு வார்த்தை சொல்லு. இல்லேண்ணா சும்மா இரு." அந்த அம்மாளுக்கு இங்கிலீஷில் நாலு வார்த்தை தெரியாது. ஆகவே சும்மா இருந்தார். குழந்தையின் கையில் ஒரு கைப்பேசி வந்தது. அதில் ஒரு கரடி இங்கிலீஷில் பாடியது.

இந்த இரண்டு திண்ணைகளில் எது பள்ளிக்கூடம் என்பதுதான் கேள்வி.

திண்ணைப் பாட்டி என்ன செய்கிறாள் என்று கொஞ்சம் நின்று பாருங்கள். குரலை உயர்த்துகிறாள், சொல்லை இழுக்கிறாள், சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுகிறாள், சொன்னதையே திருப்பிச் சொல்கிறாள். கேள்வி கேட்டுவிட்டு இடம் விடுகிறாள். அந்த இடத்தில் குழந்தை ஒரு சப்தம் செய்தால் அதையே பதிலாக ஏற்றுக்கொண்டு மேலே பேசுகிறாள். இதெல்லாம் அவள் யாரிடமும் பாடம் கேட்டுக் கற்றதல்ல. ஆனால் உலகத்துப் பண்டிதர்கள் அறுபது வருஷமாக ஆராய்ந்துகொண்டிருப்பது இதைத்தான்.

சார்லஸ் பெர்குஸன் என்ற அமெரிக்க மொழியறிஞர் 1964-இல், ஒன்றுக்கொன்று உறவில்லாதவை உள்பட ஆறு பாஷைகளின் கொஞ்சு மொழியை ஒப்பிட்டு எழுதினார். அந்த ஆறில் நம் மராத்தியும் ஒன்று, அரபியும் ஒன்று. எங்கும் இரட்டித்த சொற்கள், எளிய ஒலிகள், சிறிய வாக்கியங்கள். நம் மம்மத்துக்கும் சோச்சிக்கும் உலகமெங்கும் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். 1997-இல் பட்ரீஷியா கூலும் அவருடைய சகாக்களும் அமெரிக்க, ரஷ்ய, ஸ்வீடிஷ் தாய்மார்களின் பேச்சைப் பதிவு செய்து அளந்தார்கள். மூன்று தேசத்துத் தாய்மார்களும் பெரியவர்களிடம் பேசும்போது இருப்பதைவிடக் குழந்தையிடம் பேசும்போது உயிரெழுத்துக்களை அதிகமாக விரித்து உச்சரித்தார்கள். அதாவது ஆவும் ஈயும் ஊவும் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் தெளிவாகப் பிரிந்து நின்றன. 'குளறல்' என்று நாம் எதை ஏசுகிறோமோ, அதுதான் தெளிவான உச்சரிப்பு! குழந்தைக்கும் இது தெரிந்திருக்கிறது. 2020-இல் 67 ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் சோதித்தபோது, சாதாரணப் பேச்சைவிடக் கொஞ்சு பேச்சையே அவை அதிக நேரம் கவனித்துக் கேட்டன.

பாட்டி விடுகிற அந்த மௌனம் இருக்கிறதே, அது இன்னும் பெரிய விஷயம். 2003-இல் கோல்ட்ஸ்டீன் என்பவரும் அவருடைய சகாக்களும் எட்டு மாதக் குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பகுதித் தாய்மார்கள், குழந்தை சப்தம் செய்த அந்தக் கணமே சிரித்து, கிட்டே வந்து, தொட்டார்கள். மற்றவர்களும் அவ்வளவே சிரித்தார்கள், தொட்டார்கள். ஆனால் குழந்தையின் சப்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லாத நேரத்தில். முதல் வகைக் குழந்தைகளின் மழலைதான் அங்கேயே, அப்போதே, அசை பிரிந்து பேச்சுச் சாயல் பெற்றது. அன்பின் அளவு இரண்டிலும் ஒன்றுதான். பதில் வந்த நேரம்தான் வேறு.

நம் கவிகளுக்கு இது புதிதல்ல. மழலையைக் குழலுக்கும் யாழுக்கும் மேலே வைத்தவர் வள்ளுவர். குழந்தையோடு பேசுவதை ஒரு இலக்கிய வகையாகவே வைத்துப் பிள்ளைத்தமிழ் பாடிய பாஷை இது. பத்துப் பருவங்களில் 'தால்' ஒன்று. தால் என்றால் நாக்கு. நாக்கை ஆட்டிப் பாடுவது தாலாட்டு. சந்திரனைக் குழந்தையோடு விளையாட வரும்படி அழைக்கும் அம்புலிப் பருவத்தைக் குமரகுருபரர் மீனாட்சியம்மைக்குப் பாடியபோது, யாரும் அவரிடம் போய், "சுவாமி, குழந்தையிடம் நேராகப் பேசுங்கள்" என்று சொன்னதாகத் தகவல் இல்லை.

இப்போது எதிர்க்கட்சியின் பலமான வாதத்தை நானே எடுத்துக் கொடுக்கிறேன். எல்லா ஜாதி ஜனங்களும் குழந்தையிடம் கொஞ்சுவதில்லை. பப்புவா நியூ கினியில் கலூலி என்றொரு மக்கள். அவர்களிடையே வாழ்ந்து ஆராய்ந்த பாம்பி ஷிஃபலின், சமோவாவில் ஆராய்ந்த எலினோர் ஓக்ஸ் இருவரும் 1984-இல் சேர்ந்து எழுதினார்கள். கலூலித் தாய், ஒன்றும் விளங்காத பிள்ளையிடம் பேசி என்ன பயன் என்று நினைப்பவள். மழலைச் சொல் கேட்டால் பிள்ளைக்கு ஆகாது என்ற எண்ணமும் அவர்களுக்கு உண்டு. அப்படியிருந்தும் கலூலிப் பிள்ளைகள் கலூலி பாஷையைக் குறைவில்லாமல் பேசுகின்றன. ஆகவே 'சோச்சி' இல்லாவிட்டால் பேச்சே வராது என்று நான் சொன்னால் அது பொய்.

நான் அப்படிச் சொல்லவில்லை. கலூலித் தாய் வேறென்ன செய்கிறாள் என்பதையும் அந்த ஆராய்ச்சி சொல்கிறது. பிள்ளையை வெளிப்பக்கம் பார்க்கத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அண்ணன் அக்காமாரிடம் பிள்ளைக்குப் பதிலாகத் தானே குரலை மாற்றிப் பேசுகிறாள். நாளெல்லாம் பத்துப் பேர் பேச்சின் நடுவே அது இடுப்பில் இருக்கிறது. பேச ஆரம்பித்ததும், 'இப்படிச் சொல்' என்று உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கிறாள். முறை வேறு, சரக்கு ஒன்றுதான்: உயிருள்ள மனிதர்கள், தங்கள் சொந்தப் பாஷையில், ஏராளமாக, குழந்தையையும் ஓர் ஆளாகச் சேர்த்துக்கொண்டு பேசுவது. தாய்க்குச் சரளமாக வராத ஒரு பாஷையில் நாலு வார்த்தை சொல்லிவிட்டு, மீதி வேலையை ஒரு பெட்டியிடம் விட்ட சமூகம் கலூலியும் அல்ல, சமோவாவும் அல்ல. அந்தப் பெருமை நமக்கே உரியது.

பேச்சை நிறுத்திப் பார்த்த ஒருவர் நம் தேசத்தில் இருந்தார், அக்பர் பாதுஷா. மனிதனின் இயற்கையான பாஷை எது என்று அறிய, பிறந்த குழந்தைகளைத் தனி மாளிகையில் வைத்து, செவிலியர் வாய் திறக்கக் கூடாதென்று கட்டளையிட்டார். சில வருஷம் கழித்து 1582-இல் போய்ப் பார்த்தபோது அங்கே ஒரு சொல்லும் பிறந்திருக்கவில்லை. ஜனங்கள் அதற்கு 'ஊமை மாளிகை' என்று பெயர் வைத்தார்கள். இன்றைய நடுத்தர வீட்டுக் கூடத்தில் சப்தத்துக்குக் குறைவில்லை. ஆனால் பாட்டி வாயடைக்கப்பட்டிருக்கிறாள், அப்பா தன் கைப்பேசியில் இருக்கிறார், குழந்தை அதன் கைப்பேசியில் இருக்கிறது. சப்தம் நிறைந்த ஊமை மாளிகை.

பெட்டியும் பேசுகிறதே என்பார்கள். பேசுகிறது; பதில் சொல்வதில்லை. 2003-இல் அதே கூல், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன பாஷை கேட்க வைத்தார். ஒரு கூட்டத்துக்குச் சீனர்கள் நேரில் வந்து விளையாடிப் பேசினார்கள், பன்னிரண்டு தடவைதான். அந்தக் குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டன. இன்னொரு கூட்டத்துக்கு அதே ஆட்கள், அதே பேச்சு, ஆனால் திரையில். அவை கற்றது பூஜ்யம். உலக சுகாதார ஸ்தாபனம் 2019-இல் ஒரு வயது நிரம்பாத சிசுவுக்குத் திரையே காட்டாதீர்கள் என்றும், ஒரு வயதுக் குழந்தைக்கும் அது வேண்டாம் என்றும் சொல்லிவிட்டது. அதைப் படித்தவர்கள்தான் கரடிப் பாட்டுப் போடுகிறார்கள். படிக்காத பாட்டி அல்ல.

அடுத்தது இங்கிலீஷ். எனக்கு அந்தப் பாஷை மேல் விரோதம் இல்லை; அதில் படித்த நாவல்களுக்கு நான் கடன்பட்டவன். இரண்டு பாஷை கேட்டால் குழந்தை குழம்பிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. 1956 நவம்பர் 1-ஆம் தேதிவரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த மண் அது. ஒரு வீட்டில் தமிழும் பக்கத்து வீட்டில் மலையாளமும், மலையில் இரண்டின் சாயலும் கொண்ட காணிப் பேச்சும் கேட்டு வளர்ந்த பிள்ளைகளை அங்கே எத்தனை வேண்டுமானாலும் பார்க்கலாம். ஒன்றும் குழம்பவில்லை. ஆளுக்குத் தக்கபடி நாக்கை மாற்றிக்கொள்கின்றன.

என் வழக்கு, எந்த இங்கிலீஷ் என்பதைப் பற்றித்தான். எதிர்வீட்டுப் பெண் குழந்தையிடம் ஒரு பகல் முழுவதும் பேசிய இங்கிலீஷைக் கேட்டேன்: கம், கோ, ஸிட், ஈட், நோ, டோன்ட் டச், ஸே பை. இதற்குப் பெயர் பாஷையா? இது வண்டிக்காரன் மாட்டோடு பேசுகிற பேச்சு. வண்டிக்காரனாவது நடுநடுவே மாட்டிடம் தன் கஷ்டத்தைச் சொல்லி அழுவான்! அதே பெண் வாசலுக்கு வந்து மீன்காரியிடம் விலை பேசும்போது என்ன கேலி, என்ன வாதம், என்ன பழமொழி! அவ்வளவு செல்வத்தையும் வாசலில் மீன்காரிக்குக் கொடுத்துவிட்டு, பெற்ற பிள்ளைக்கு ஏழு வார்த்தையை எடுத்து வைக்கிறாள். அவளைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. பிள்ளையைச் சேர்க்கப் போகிற பள்ளிக்கூடத்தில், வீட்டில் என்ன பாஷை பேசுகிறீர்கள் என்று கேட்பார்கள் என்ற பயம் அவளுக்கு. பயமுறுத்துகிறவர்கள்தான் என் பிரதிவாதிகள்.

இதில் காலமும் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. வெர்க்கர், டீஸ் என்ற இருவர் 1984-இல் வெளியிட்ட சோதனை இது. ஹிந்தியில் பல்லை ஒட்டி வரும் 'த'வும் நாக்கை மடித்து வரும் 'ட'வும் வேறு. இங்கிலீஷ் வீட்டுக் குழந்தைகள் ஆறு, எட்டு மாதத்தில் இந்த வித்தியாசத்தைக் கண்டுகொண்டன. பத்து, பன்னிரண்டு மாதத்தில் பெரும்பாலும் இழந்துவிட்டன. கேட்காத ஒலியின் கதவைக் காது மெல்லச் சாத்திக்கொள்கிறது. நமக்கு அது 'பத்து'க்கும் 'பட்டு'க்கும் உள்ள வித்தியாசம். பிற்பாடு திறக்கவே முடியாத பூட்டு அல்ல. ஆனால் அப்போது இலவசமாகக் கிடைப்பதற்குப் பிற்பாடு ட்யூஷன் வைக்க வேண்டும். முதல் வருஷத்தில் பாட்டியை வாயடைத்துவிட்டு, பத்தாம் வருஷத்தில் 'ழ' வரவில்லையே என்று தமிழ் வாத்தியாரை நோவானேன்?

இன்னொரு அநியாயமும் உண்டு. ஏழைகளின் பிள்ளைகளுக்கும் மலைவாசிகளின் பிள்ளைகளுக்கும் 'பேச்சே இல்லை' என்று சொல்கிறவர்கள். அங்கே ஓர் ஆசிரியர் என்னிடமே சொன்னார்: "மேலேயிருந்து வரும் பிள்ளைகள் பாஷையே இல்லாமல் வருகின்றன, சார்." இதற்குப் பெரிய இடத்து ஆதாரம்கூட உண்டு. ஹார்ட், ரிஸ்லி என்ற அமெரிக்கர்கள் 1995-இல் 42 குடும்பங்களை ஆராய்ந்து, ஏழை வீட்டுக் குழந்தை நாலு வயதுக்குள் மூன்று கோடி வார்த்தை குறைவாகக் கேட்கிறது என்று கணக்குச் சொன்னார்கள். உலகமெல்லாம் அந்தக் கணக்கு ஓடியது. பின்னால் ஸ்பெர்ரி என்பவரும் அவருடைய சகாக்களும் வேறு ஊர்களில் எண்ணிப் பார்த்தார்கள். தாய் ஒருத்தி சொல்வதோடு நிற்காமல், பாட்டி, அக்கா, அண்டை அயலார் பேச்சையும் சேர்த்து எண்ணினார்கள். மூன்று கோடிப் பள்ளத்தை அவர்கள் அங்கே காணவில்லை; ஏழை வீடுகளுக்குள்ளேயே ஊருக்கு ஊர் பெரிய வித்தியாசம் இருந்தது. வார்த்தை எண்ணுகிறவன் எந்த வாசலில் உட்கார்ந்து எண்ணினான் என்பதையும் கேட்க வேண்டியிருக்கிறது.

காணிப் பிள்ளைக்குப் பாஷை இருக்கிறது. காட்டுக் கிழங்குக்கும் தேனுக்கும் மரத்துக்கும் நமக்குத் தெரியாத பெயர்களோடு இருக்கிறது. வகுப்பில் அதைக் கேட்க ஆள் இல்லை. ஐந்து வயதுவரை ஊரே கொஞ்சிக் கொடுத்த பாஷையை, முதல் நாள் காலையில் கேலிச் சிரிப்பால் பிடுங்கிக்கொண்டு, 'இவனுக்குப் பேச்சு இல்லை' என்று எழுதிக்கொள்வது பிடுங்கியவன் கூறும் சாட்சி.

ஏழை வீட்டில் உண்மையான குறை ஒன்று உண்டு, அது நேரம். பால்வெட்டுக்குப் போகிற தாய்க்குக் கொஞ்சத் தெரியாதா? இருட்டோடு மரத்தடிக்குப் போகிறவளுக்குக் கொஞ்ச நேரம் இல்லை. பெண் தொழிலாளர் ஐம்பது பேர் உள்ள தோட்டத்தில் பிள்ளைக் காப்பகம் வேண்டும் என்று 1951-ஆம் வருஷத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டமே சொன்னது. அங்கன்வாடித் திட்டம் 1975-இல் வந்தது. சத்துணவை நிறுத்துப் போடுகிறோம், எடை பார்க்கிறோம். ஆனால் ஒரு காப்பகத்தில் நான் பார்த்த ஆயாவுக்குக் கிடைத்திருந்த உத்தரவு, பிள்ளைகள் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்வது. சத்தம் போடாமல் பேசக் கற்ற பிள்ளை உலகத்தில் உண்டா? முட்டைக்குக் கணக்கு இருப்பதுபோல, ஒரு ஆயாவுக்கு எத்தனை கைக்குழந்தை என்பதற்கும் கண்டிப்பான கணக்கு வேண்டும். மலைப் பிள்ளைகள் வரும் இடத்தில் மலைப் பேச்சு அறிந்த ஒரு பெண்ணுக்கு அந்த உத்தியோகத்தைக் கொடுக்க வேண்டும். இதெல்லாம் கொஞ்சலின் பாற்பட்ட விஷயம்தான். கொஞ்சல் என்றதும் சர்க்காருக்குச் சம்பந்தமில்லை என்று நினைப்பதே பிசகு.

ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. கொஞ்சுவது பெண்களின் வேலை என்று ஒதுங்கி, பிள்ளை 'நன்றாகப் பேச ஆரம்பித்ததும்' கூப்பிடுங்கள் என்று இருக்கும் தகப்பனார்கள் பலர். அறுவடைக்கு மட்டும் வரும் பங்காளி! உங்கள் அதிகாரப் பேச்சையும் ஆபீஸ் தமிழையும் ஓர் ஐந்து நிமிஷம் கழற்றி வைத்துவிட்டு, 'என்ன மக்களே' என்று அதன் முன்னால் குனிந்தால் மானம் போய்விடாது.

நான் கதை எழுதுகிறவன். என் பாத்திரங்கள் வாய் திறந்தால் வாசகர்கள் நம்புகிறார்கள் என்றால், அந்த வித்தையை எனக்குக் கற்பித்தது புஸ்தகம் அல்ல. கேள்வி கேட்டு, பதிலுக்கு இடம் விட்டு, வராத பதிலையும் வந்ததாக ஏற்றுக்கொண்டு பேசிய திண்ணைக் கிழவிகள். 'கம், கோ, டோன்ட் டச்' கேட்டு வளர்ந்த பிள்ளை கெட்டிக்காரனாகலாம், சம்பாதிக்கலாம். கோபம் வந்தால் எந்த வார்த்தையில் கோபித்துக்கொள்ளும், துக்கம் வந்தால் எதில் அழும் என்பதுதான் என் கவலை.

அந்தப் படித்த பெண்ணுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: உன் இங்கிலீஷும் இருக்கட்டும், அதை நிறையப் பேசத் தெரிந்தால் நிறையப் பேசு. ஆனால் உன் அம்மாவைப் பேச விடு. நீயும் மீன்காரியிடம் பேசுகிற பேச்சில் பாதியையாவது பிள்ளையிடம் பேசு. கேட்டுவிட்டுக் கொஞ்சம் பொறு. அது என்னவோ சொல்லும், அதற்குப் பதில் சொல். 'சோச்சி' என்றாலும் சரி, 'சோறு' என்றாலும் சரி. பிள்ளை இப்போது விழித்திருந்தால், இந்தப் பக்கத்தை மூடிவிட்டுப் போய்ப் பேசு.